பழுவூருக்கும் ஐயாற்றுக்கும் பதினைந்து மைல்

சங்கீத ரஸிகர்களில் இரண்டு வகுப்பார் உண்டு. சென்னைப் பட்டணத்தில் வசிப்பவர்கள் ஒரு வகுப்பு; மற்ற எல்லாரும் இன்னொரு வகுப்பு. மார்கழி மாதம் பிறந்துவிட்டால் முதல் வகுப்பாருக்குப் பெருங்கவலை வந்து சேர்கிறது. எந்தச் சபைக்குப் போவது, எந்தக் கச்சேரியைப் பாதியில் விட்டுவிட்டு எதற்கு ஓடுவது என்று திண்டாடிப் போகிறார்கள். இரண்டாவது வகுப்பாருக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. ஓடுவதற்கு ஒரு சபை இருந்தால் அல்லவா தொல்லை? அவர்களுக்குப் பிடித்தமான வித்வான் வெறும் குரலாக மாத்திரமே இருந்து வருகிறார். முன்பெல்லாம் ரேடியோப் பெட்டியிலும், இப்போது கைப்பேசியிலும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே ஆயுளைக் கழித்துவிடுகிறார்கள். குரலுக்கு உடையவர் எப்படி உட்காருகிறார், எப்படித் தாளம் போடுகிறார், மிருதங்கக்காரரைப் பார்த்து எந்த இடத்தில் புன்னகை செய்கிறார் என்பதெல்லாம் அவரவர் கற்பனைக்கு விட்ட விஷயம்.

நாம் இரண்டாவது வகுப்பைச் சேர்ந்தவர்கள். கீழப்பழுவூரில் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து வருகிறோம். நாம் பிறந்தபோது இவ்வூர் திருச்சி ஜில்லாவில் இருந்தது. 1995ல் பெரம்பலூர் ஜில்லாவுக்குப் போயிற்று. 2001ல் அரியலூர் ஜில்லா ஆயிற்று. மறு வருஷமே பெரம்பலூருக்குத் திரும்பிற்று. 2007ல் மறுபடியும் அரியலூருக்கு வந்தது. நாம் ஒரு தடவைகூட வீடு மாறவில்லை. ஜில்லாதான் எங்களைச் சுற்றி மாறிக்கொண்டே இருந்தது.

திருச்சியிலிருந்து ஜயங்கொண்டம் வழியாகச் சிதம்பரம் செல்லும் சாலையும், அரியலூரிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையும் எங்கள் ஊரில் சந்திக்கின்றன. அரியலூர்ப் பக்கத்து மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் நிறைந்திருக்கிறது. ஆகையால் இந்தப் பக்கத்தில் சிமெண்டு ஆலைகள் அதிகம். அவற்றுக்கு வேண்டிய லாரிகளும் அதிகம். இரவு பகல் என்று பாராமல் எங்கள் ஊரில் நடைபெறும் கச்சேரி ஒன்று உண்டு என்றால், அது அந்த லாரிகளின் ஊதல் கச்சேரிதான். அதற்கு டிக்கட்டும் கிடையாது, மங்களமும் கிடையாது.

இதைக் கொண்டு, இசைக்கும் எங்கள் ஊருக்கும் வெகு தூரம் என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. பழுவூர் என்றவுடன் பலருக்குக் கல்கியின் "பொன்னியின் செல்வ"னில் வரும் பழுவேட்டரையர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். அவர்கள் கதைக்காகப் பிறந்தவர்கள் அல்லர். சோழப் பேரரசுக்கு உட்பட்டு இங்கே ஆட்சி புரிந்த உண்மையான சிற்றரசர்கள். சாஸனங்களில் சிறுபழுவூர் என்று காண்பது எங்கள் கீழப்பழுவூர். பெரும்பழுவூர் என்பது மேலப்பழுவூர். அந்தப் பழுவேட்டரையர்களுக்கும் இருநூறு வருஷம் முன்னதாக, ஏழாம் நூற்றாண்டில், எங்கள் ஊருக்கு ஓர் இசை யாத்திரீகர் வந்தார். அவர்தான் திருஞானசம்பந்தர். யாழ் வாசிப்பதற்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவருடன் ஊர் ஊராகச் சென்றார் என்று பெரிய புராணம் சொல்கிறது. பாட்டும் பக்க வாத்தியமுமாக வீட்டு வாசலுக்கே வந்த முதல் கச்சேரி அதுதான் என்று நாம் பெருமைப்பட்டுக் கொள்வதுண்டு. ஆலந்துறையார் கோயிலின் மேல் அவர் பாடிய பதிகம் இரண்டாம் திருமுறையில் இந்தளப் பண்ணில் இருக்கிறது. இந்தளத்தை ஓதுவார்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் பாடுவது வழக்கம். பாட்டு வாத்தியார் முன் முதல் நாள் உட்காரும் குழந்தை சரளி வரிசை சொல்லுவதும் அதே மாயாமாளவகௌளையில்தான்.

அவ்வாறு சரளி வரிசையில் தொடங்கி இப்போது கீர்த்தனங்கள் வரையில் வந்திருக்கும் குழந்தை ஒன்று நம் வீட்டில் இருக்கிறது. அவளுக்கு வயது பன்னிரண்டு. அவளுடைய அப்பாயியான நம் தாயாருக்கு எழுபத்து மூன்று. இந்த இருவராலும் தான் நாம் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்தது.

நம் தாயார் சிறு வயதில் இரண்டு வருஷம் பாட்டுக் கற்றுக் கொண்டார். கலியாணத்தோடு அது நின்றுபோயிற்று. அதன் பிறகு அவருக்குப் பாட்டு வாத்தியார் திருச்சி வானொலி நிலையந்தான். 1939ஆம் வருஷம் மே மாதம் ஆரம்பிக்கப்பட்ட அந்த நிலையம், சோழ நாட்டுக் கிராமங்களில் எத்தனை சமையலறைகளைச் சங்கீத சபைகளாக்கி இருக்கிறது என்பதற்குக் கணக்கே கிடையாது. வருஷந்தோறும் திருவையாற்றில் ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளின் ஆராதனையன்று பஞ்சரத்ன கீர்த்தனங்களை வானொலியில் நேரே ஒலிபரப்புவார்கள். அன்று காலை ஒன்பது மணிக்குள் எங்கள் வீட்டில் சமையல் முடிந்துவிடும். யாரும் பேசக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

தாயாருக்கு மிகவும் பிடித்த பாடகி ஒருவர் உண்டு. அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றப் பாடகிகளின் ரஸிகர்கள் நம்முடன் சண்டைக்கு வந்துவிடுவார்கள். நேயர்கள் தத்தமக்குப் பிடித்த பெயரை அந்த இடத்தில் போட்டுக் கொள்ளலாம். இந்த அம்மையாரின் குரலை நம் தாயார் முப்பது வருஷமாகக் கேட்டு வருகிறார். நேரில் பார்த்ததில்லை. அந்த அம்மையாரோ, ஆராதனைக்கு வருஷம் தவறாமல் திருவையாற்றுக்கு வந்து பாடிவிட்டுப் போகிறார். கீழப்பழுவூரிலிருந்து திருவையாறு சுமார் 15 மைல்!

"ஏன் அம்மா, ஒரு தடவை போய்விட்டு வருவோமே?" என்று நாம் கேட்டதுண்டு. ஒவ்வொரு வருஷமும் ஒரு பதில் வரும். "அறுவடை நேரம், ஆளுக்குச் சோறு ஆக்க வேண்டாமா?" என்பது ஒரு வருஷம். "பொங்கல் முடிஞ்சு இப்பத்தானே எல்லாரும் ஊருக்குப் போனாங்க" என்பது இன்னொரு வருஷம். நம் தகப்பனார் படுக்கையில் இருந்த வருஷங்களில் கேட்கவே இடமில்லை. உண்மையில் 15 மைல் என்பது தூரமே அல்ல. அடுப்படியிலிருந்து வாசற்படி வரையில் உள்ள தூரந்தான் நம் நாட்டு ஸ்திரீகளுக்குப் பெரிய தூரம்.

போன ஆராதனைக்கு முதல் நாள் இரவு குழந்தை ஒரு தீர்மானத்தை வெளியிட்டாள்: "அப்பாயி வரலேன்னா நானும் போகமாட்டேன்." சத்தியாக்கிரகத்துக்கு எதிரில் சாம்ராஜ்யங்களே நிற்கவில்லை, நம் தாயார் எம்மாத்திரம்? "அத்தை, நாளைக்கு அடுப்பு என் பொறுப்பு. நீங்க எழுந்து புடவை மட்டும் கட்டிக்கிட்டா போதும்" என்று நம் மனைவியும் சொல்லிவிட்டாள்.

விடியற்காலையில் தஞ்சாவூர் பஸ்ஸில் நால்வரும் ஏறினோம். திருமானூர் வரையில் அந்தச் சாலையில் விசேஷம் ஒன்றும் இல்லை. திருமானூரைத் தாண்டியதும் கொள்ளிடம் குறுக்கிடுகிறது. கொள்ளிடம் என்பது காவேரியின் வெள்ள வடிகால். முக்கொம்பில் பிரிந்து, மிகுதித் தண்ணீரைச் சுமந்துகொண்டு போவது அதன் வேலை. ஆகையால் வெள்ளம் இல்லாத தை மாதத்தில் பாலத்துக்குக் கீழே பெரும்பாலும் மணலே தெரிகிறது. பாலத்தின் மேல் பஸ் வெகு நேரம் ஓடுவது போல் தோன்றும்; அவ்வளவு அகலமான ஆறு. அக்கரையில் தஞ்சை ஜில்லா ஆரம்பமாகிறது. காற்றிலேயே ஒரு குளிர்ச்சி. இரு புறமும் வயல், வாழை, தென்னை.

இந்த இரண்டு கரைகளுக்கும் சம்பந்தி உறவு உண்டு. வடகரையில் திருமானூருக்கு அருகில் இருக்கும் திருமழபாடியில், பங்குனி மாதம் நந்தியெம்பெருமானுக்குத் திருக்கலியாணம் நடைபெறுகிறது. மாப்பிள்ளை திருவையாற்றிலிருந்து வருவார். "மாப்பிள்ளை அங்கிருந்து இங்கே வருகிறாரே, நாம் பதில் மரியாதை செய்ய வேண்டாமா? அதற்குத்தான் போகிறோம்" என்று நாம் சொன்னோம். தாயார் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

திருவையாற்றில் காவேரி நிறைந்து ஓடிக் கொண்டிருந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது மரபு. ஆகையால் நல்ல வருஷங்களில் ஆராதனை சமயத்தில் ஆற்றில் தண்ணீர் இருக்கும். அந்தக் கரையில்தான் ஸ்வாமிகளின் சமாதி இருக்கிறது. தியாகராஜர் 1767ல் திருவாரூரில் பிறந்தவர். வாழ்ந்ததும் 1847 ஜனவரி 6ஆம் தேதி சித்தி அடைந்ததும் திருவையாற்றில். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் அரண்மனை எட்டு மைல் தூரந்தான் இருக்கும். ஸரபோஜி மகாராஜா பொன்னும் பொருளும் அனுப்பி அழைத்தும் அவர் அந்த எட்டு மைல் போகவில்லை என்பது வழிவழியாகச் சொல்லி வரும் வரலாறு. உஞ்சவிருத்தி எடுத்து ஜீவனம் செய்து, வீட்டிலேயே இருந்து பாடினார். சிஷ்யர்கள் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு உலகம் சுற்றும் வித்வான்கள் ஆயிரக்கணக்கான மைல் கடந்து, சன்மானம் ஒரு காசும் வாங்காமல், அவர் வாசலில் வந்து உட்காருகிறார்கள். ஒருவர் தம் ஊரை விட்டு நகராமல் இருந்ததால் அல்லவா நம்மைப் போன்ற பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் கிடைத்தது?

நாம் போய்ச் சேர்ந்தபோது, ஸ்வாமிகள் வசித்த திருமஞ்சன வீதியிலிருந்து உஞ்சவிருத்திப் பஜனை சமாதிக்கு வந்து கொண்டிருந்தது. பந்தலுக்குள் கூட்டம் நெருக்கியடித்தது. பட்டணத்துச் சபைகளில் முன் வரிசைக்கு ஒரு விலை, பின் வரிசைக்கு ஒரு விலை என்பார்கள். இங்கே எல்லாருக்கும் தரைதான். வயலிலிருந்து நேராக வந்த குடியானவரும், அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டரும் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வித்வான்கள் ஒரு புறமும் விதுஷிகள் ஒரு புறமுமாக எதிர் எதிரே அமர்ந்தார்கள். குழந்தை திடீரென்று, "அப்பாயி, அதோ!" என்று கையைக் காட்டினாள். இரண்டாவது வரிசையில், சாதாரண நூல் புடவை கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த சிறு பெண்ணுக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டிருந்தார் அந்த அம்மையார்.

சுற்றிலும் நூறு கைப்பேசிகள் உயர்ந்தன. தாயார் கையைக் கூப்பிக்கொண்டு பார்த்தார். சிறிது நேரம் கழித்து, "குள்ளமா இருக்காங்களே!" என்றார். முப்பது வருஷமாக அந்தக் குரலுக்கு அவர் உயரமான ஓர் உருவத்தைக் கற்பித்து வைத்திருந்தார் போலும்.

முதலில் புல்லாங்குழல்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பைரவியில் ஒரு கீர்த்தனம் வாசித்தார்கள். அது இங்கே மரபு. அப்புறம் நாட்டை ராகத்தில் முதல் பஞ்சரத்னம் எழுந்தது. எழுந்தது என்பதைத் தவிர வேறு சொல் கிடைக்கவில்லை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து கன ராகங்களில் அமைந்தவை இந்த ஐந்து கீர்த்தனங்கள். ஐந்தும் ஆதி தாளம். முதலாவது ஸம்ஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. இவற்றுள் கௌளை, மாயாமாளவகௌளையின் ஜன்ய ராகம். எங்கள் ஆலந்துறையார் பதிகத்துக்கு ஒரு வகையில் ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம்.

நேயர்களிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். நம் பாடகியின் குரல் எங்களுக்குக் கேட்கவே இல்லை. உதடு அசைந்தது, கை தாளம் போட்டது, எல்லாம் தெரிந்தது. ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே ஸ்ருதியில் பாடும்போது எந்தக் குரல் யாருடையது என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? பெரிய வித்வானும் நேற்றுப் பிறந்த சிஷ்யனும் அந்தப் பிரவாகத்தில் ஒன்றாய்க் கலந்து போகிறார்கள். ஆரபி ராகக் கீர்த்தனம் பாதி நடந்துகொண்டிருந்தபோது நம் அருகில் ஒரு குரல் தனியாகக் கேட்டது. சற்று நடுக்கம் உடைய குரல். ஆனால் ஸ்வரம் தப்பவில்லை, சாகித்தியம் தப்பவில்லை. திரும்பிப் பார்த்தோம். நம் தாயார் பாடிக் கொண்டிருந்தார். வீட்டில் அவர் முணுமுணுத்து நாம் கேட்டிருக்கிறோம். வாய் திறந்து, நாலு பேர் நடுவில், உரக்கப் பாடி நாம் கேட்டது அதுதான் முதல் தடவை. ரேடியோவிலேயே அவர் கீர்த்தனம் முழுவதையும் பாடம் பண்ணி இருக்கிறார்! குழந்தையும் உடன் சேர்ந்து கொண்டாள். ஸ்ரீ ராகத்துக் கீர்த்தனம் மகான்கள் எல்லாருக்கும் வந்தனம் சொல்லி முடிந்தபோது இருவர் குரலும் கட்டிப் போயிருந்தன.

பாட்டு முடிந்து கூட்டம் சற்றுக் கலைந்ததும் சமாதியைத் தரிசித்தோம். சமாதியை நோக்கியபடி ஓர் அம்மையாரின் சிலை அங்கே இருக்கிறது. "இவங்க யார் அப்பா?" என்று குழந்தை கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். நாம் சொன்னதை இங்கே சுருக்கமாக எழுதுகிறோம்.

மைசூரைச் சேர்ந்த நஞ்சன்கூட்டில் 1878ல் பிறந்து, தேவதாசி குலத்தில் வளர்ந்து, பெரும் புகழ் அடைந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஸ்வாமிகளின் சமாதி கவனிப்பார் இல்லாமல் கிடக்கிறது என்ற செய்தி 1921ல் அவருக்கு எட்டியது. தம்முடைய நகைகளையும் சொத்துக்களையும் விற்றுப் பணம் சேர்த்து, நிலத்தைப் பெற்று, கோயில் எழுப்பி, 1925 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடத்தினார். அப்போது ஆராதனையைப் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு பிரிவார் தனித்தனியே நடத்தி வந்தார்கள். மற்ற விஷயங்களில் ஒத்துப் போகாத அந்த இரு கட்சியாரும் ஒரு விஷயத்தில் மாத்திரம் ஒத்துப் போனார்கள்: சன்னதியில் ஸ்திரீகள் பாடக் கூடாது! கோயிலைக் கட்டியவரே அங்கே பாட முடியாது என்றால் இதை என்னவென்று சொல்வது? நாகரத்தினம்மாள் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. 1927ல் பெண்கள் கட்சி என்று மூன்றாவது கட்சி ஒன்றை ஆரம்பித்து, சமாதிக்குப் பின்புறத்தில் பெண்களைக் கொண்டே பாட வைத்தார். 1940ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றுபட்டன. அதன் பின்னர்தான் பெண்களும் சன்னதியில் பாடலாயினர். எல்லாருமாகச் சேர்ந்து பஞ்சரத்னம் பாடும் வழக்கமும் அப்போதுதான் வேர் ஊன்றியது. அம்மையார் 1952ல் காலமானார். ஸ்வாமிகளின் எதிரிலேயே அவருக்கு இடம் கிடைத்தது.

தாயார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தம் தலையில் இருந்த பூவில் ஒரு கண்ணியைக் கிள்ளி அந்தச் சிலையின் பாதத்தில் வைத்தார். காலையில் நாம் கேட்ட அவர் குரலுக்கும் அந்தச் சிலைக்கும் உள்ள சம்பந்தத்தை நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தி வேளையில் நம் பாடகியின் முறை வந்தது. ஆராதனையில் ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரந்தான் கொடுப்பார்கள். எவ்வளவு பெரிய பெயராய் இருந்தாலும் விதி ஒன்றுதான். இரண்டு கீர்த்தனங்கள், இருபது நிமிஷம். காலையில் வெள்ளத்தில் மறைந்துபோன குரல் இப்போது தனித்து வந்தது. ஒலிபெருக்கியில் கரகரப்பு இருந்தது. பின்னால் யாரோ ஒரு குழந்தை அழுதது. அடுத்த கோஷ்டியார் மேடையோரத்தில் ஸ்ருதி சேர்த்துக் கொண்டிருந்தார்கள். ரேடியோவில் இதைவிடத் தெளிவாகவே கேட்டிருக்கிறோம். ஆயினும் தாயார் கண்ணை எடுக்கவில்லை. வித்தையைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தோம். "பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாலே நெஞ்சிலே கையை வச்சுக்கிட்டாங்க, பாத்தியா? இத்தனை வருஷம் பாடியும் அவங்களுக்கும் பயமா இருக்கும் போலிருக்கு" என்றார். முப்பது வருஷக் கேள்வி ஞானம் சொல்லாத ஒரு சமாசாரத்தை அந்த இருபது நிமிஷம் சொல்லிவிட்டது.

கடைசி பஸ்ஸில் கொள்ளிடத்தைத் தாண்டினோம். குழந்தை அப்பாயியின் மடியில் தூங்கிவிட்டாள். நம் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, நீங்க இவ்வளவு நல்லாப் பாடுவீங்கன்னு ஏன் சொல்லவே இல்லை?" "யார் கேட்டாங்க?" என்றார் தாயார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

நேயர்களுக்கு நம் விண்ணப்பம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் நல்ல சங்கீதம் பட்டணத்தில் மாத்திரம் இருப்பதாக எண்ணிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. திருவையாற்றைப் போல ஊர்க் கோயில் உற்சவம், மகான்களின் ஆராதனை என்று எத்தனையோ இடங்களில், கட்டணம் இல்லாமல், தரையில் உட்கார்ந்து கேட்கக்கூடிய பாட்டு இருக்கிறது. அவரவர் வீட்டிலிருந்து அது எத்தனை மைல் என்று கணக்குப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, அந்த மைல்களை இன்னும் கடக்காமல் உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். புஷ்ய மாதத்துப் பகுள பஞ்சமி திருவையாற்றில் ஆராதனை நாள். அது பெரும்பாலும் ஜனவரியில் வரும். அடுத்த வருஷத்துப் பஞ்சமி எந்தக் கிழமை என்று நம் தாயார் இப்போதே விசாரித்துக் கொண்டிருக்கிறார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தைகள் ஆறு பேரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் ஆரபியை மாத்திரமாவது பாடம் பண்ணிவிட வேண்டும் என்று மாலை வேளைகளில் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். வாத்தியார் நாம் அல்ல, அப்பாயிதான்.